ஒரு சிட்டிகை குறைவாக

மருத்துவமனையில் அவளுக்குப் பசைக்கா என்று பெயர். மூளை அலை எடுக்கும் அறையில் வேலை. வருகிறவர்களின் தலைமுடியைச் சீப்பால் வகிர்ந்து, தோலைச் சுரசுரப்பான ஜெல்லால் தேய்த்து, வெள்ளைப் பசையை அப்பி, அதன்மேல் ஒவ்வொரு ஒயராக ஒட்டுவாள். வேலை முடிந்து ஒயரைப் பிடுங்கினாலும் பசை போகாது. நீதிபதியே வந்தாலும் அவள் அறையை விட்டு வெளியே போகும்போது தலை காக்கைக்கூடு மாதிரிதான் இருக்கும். "வெந்நீர்ல அலசுங்க, போயிடும்," என்பாள். போகாது. அது அவளுக்கும் தெரியும்.

அந்த அறையில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை "அசையாதீங்க" என்பது. கண்ணை மூடுங்க, பல்லைக் கடிக்காதீங்க, அசையாதீங்க. சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்காருவாள். உட்கார்ந்ததும் அவள் கால் மேசைக்கு அடியில் ஆட ஆரம்பித்துவிடும். ஊரையெல்லாம் அசையாமல் இருக்கச் சொன்னவளுக்குத் தன் காலை நிறுத்தத் தெரியவில்லை. அது சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம் இல்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு வந்தது.

தம்பியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த அலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மூளையின் அலை பார்ப்பதற்குக் கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஒரு கோடு போகிற வழியில் இன்னொன்று போகாது. வலிப்பு வரும்போதுதான் படம் அழகாகும். எல்லாக் கோடுகளும் கைகோத்துக்கொண்டு, ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி திரையைப் பார்த்து, "எவ்வளவு அழகா வருதுக்கா!" என்று வாயைப் பிளந்தாள். "அழகா வருதா? நிக்காதே, ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடு," என்றாள் பசைக்கா.

இந்த அழகைத்தான் ஒரு டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பியல் டாக்டர். பழைய பதிவுகளை வாங்கிப் போய்க் கணினியில் போட்டு, கயாஸ் தியரி, ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று எதையாவது வரைந்துகொண்டிருப்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் குழப்ப டாக்டர். அது அவர் காதுக்கும் போயிருந்தது. போனை எடுத்தால், "குழப்பம் பேசறேன், சொல்லுங்க," என்பார்.

ஒருநாள் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னபோது, அவர் எல்லோரையும் மாடிப்படிக்கு அழைத்துப் போனார். மருந்துச் சீட்டுக் காகிதத்தைக் கிழித்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரே இடத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே விட்டார். ஒன்று நேராகப் போய் வாசல் மிதியடியில் விழுந்தது. ஒன்று சுற்றிச் சுற்றிப் போய் முதல் மாடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று கீழே நின்ற காவலாளியின் தொப்பியில் இறங்கியது.

"ஒரே கை, ஒரே காகிதம், ஒரே இடம். ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"காத்து," என்றார்கள்.

"காத்தும் ஒண்ணுதான். என் விரல் ஒரு மயிரிழை தள்ளி இருந்திருக்கும். அவ்வளவுதான். அந்த மயிரிழை கீழே போகப் போக இவ்வளவு தூரம் ஆயிடுது. மூளைக்குள்ள ஓடற ரசாயனமும் இப்படித்தான். ஒரு பொட்டு கூடினா ஒரு நேரம் ஒண்ணும் ஆகாது. அதே ஒரு பொட்டு இன்னொரு நேரம் ஆளையே புரட்டிப் போட்டுடும்."

"அப்ப காலைல என் டீல சர்க்கரை குறைஞ்சா சாயங்காலம் வீட்ல சண்டை வருமா டாக்டர்?" என்று சமையற்கூடத்து ஆள் கேட்டான்.

"வரலாம். வராமலும் போகலாம். எதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதான் விஷயம்."

எல்லோரும் சிரித்தார்கள். பசைக்கா சிரிக்கவில்லை. அவள் காவலாளியின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவன். கல்யாணம் ஆகாத அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இருந்தபோதே, இளவயதில் தம்பிக்கு மனநோய் வந்தது. சில வாரங்கள் தூக்கமே இல்லாமல் பறப்பான். ஊரில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் தானே கண்ணாடி போடப்போவதாகச் சொல்வான். பிறகு சில மாதங்கள் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டான். அப்பா அம்மா போன பிறகு, பறந்த ஒரு சமயத்தில் வேறு வழி தெரியாமல் அக்காதான் கையெழுத்துப் போட்டு அவனைப் பூட்டிய வார்டில் சேர்த்தாள். கதவு மூடியதும் உள்ளேயிருந்து "அக்கா, அக்கா" என்று அவன் போட்ட சத்தம், அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் கேட்டது. வெளியே வந்த அன்று அவன் சொன்னது ஒன்றுதான்: "எங்க வேணா அனுப்புக்கா. அங்க மட்டும் அனுப்பாதே." அவன் தலைமேல் கை வைத்து, சத்தியமாக அனுப்ப மாட்டேன் என்றாள்.

அதன்பின் லித்தியம் மாத்திரை. ஆண்டுக்கணக்கில் அவன் நன்றாக இருந்தான். கடைக்காரர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கண்ணாடி அறுப்பதில் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. கட்டரை வைத்து ஒரே இழுப்பு. கீறல் சரியாக விழுந்தால் தட்டியதும் நேராகப் பிளக்கும். கை ஒரு கணம் தயங்கினாலும் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடிவிடும். "என் கடைல என் வாயே பொய் சொல்லும். இவன் கை மட்டும் சொல்லாது," என்பார் கடைக்காரர்.

ஆனால் அக்காவின் மனம் ஓயவில்லை. முதல்முறை எதனால் வந்தது? பரீட்சையா? அப்பா திட்டியதா? பக்கத்தில் கட்டடம் கட்டியவர்கள் மோட்டாரை இரவெல்லாம் ஓட விட்டதா? பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் இதையே புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். எந்தக் காரணமும் அந்த விளைவுக்கு ஈடாக இல்லை. எல்லாம் எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம்தானே என்று தோன்றும். மாடிப்படி வகுப்புக்குப் பிறகுதான் அவளுக்கு ஒரு பதில் கிடைத்தது. காரணம் பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை! ஒரு மயிரிழை போதும்.

அன்றிலிருந்து மயிரிழை வேட்டை ஆரம்பமானது. தம்பி ஒரே நேரத்தில் எழுந்தான், ஒரே நேரத்தில் படுத்தான். பக்கத்தில் ஒரே கடையில் ஒரே டீ. கடைக்கு ஒரே வழி. குறுக்குச் சந்து கூடாது, அங்கே நாய் குரைக்கும், மனம் பதறும். ராத்திரிச் செய்தி நின்றது. பந்தாட்டம் பார்ப்பது நின்றது, ஏனென்றால் அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆபத்து.

"அக்கா, நான் மனுஷனா, கடிகாரமா?" என்றான் அவன்.

"கடிகாரமா இருந்தா எனக்கு இவ்வளவு வேலை இல்லடா. சாவி கொடுத்துட்டுப் போய்ப் படுத்துடுவேன்."

"ஒரு ஆட்டம் பாக்கறேனே. கடைசிப் பாதி மட்டும்."

"நாளைக்குக் கடைல கேட்டுக்கோ யார் ஜெயிச்சாங்கன்னு."

"கேட்டா மட்டும் சந்தோஷம் வராதா? அதையும் தடை பண்ணிடு."

சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவள் அந்தச் சிரிப்பைக் கவனிப்பாள். நேற்றையதை விடக் கொஞ்சம் நீளமா? குரல் உயர்ந்ததா? அவன் தூங்கினால் அதிகம் தூங்குகிறானோ என்றும், விழித்தால் ஏன் விழித்தான் என்றும் அவளுக்குக் கவலை. வீட்டுக்குள்ளேயும் ஒரு திரைக்கு முன்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒயர் ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி இருக்கும்போது மருத்துவமனையில் ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை வந்தது. அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பரிசோதித்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "உப்பைக் குறைங்க," என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தம்பி கவலைப்படுவான். கவலை ஒரு மயிரிழை அல்லவா? அப்பா போனதும் இரத்த அழுத்தத்தில்தான். அவன் அதை நினைப்பான், தூக்கம் கெடும், அதிலிருந்து எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது? தனக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் ஏன் என்று கேட்பான். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே பாத்திரத்தில் இருவருக்கும் சமையல், ஆனால் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகக் குறைப்பது. ஒரேயடியாகக் குறைத்தால்தானே தெரியும்? இப்படிச் செய்தால் நாக்குக்கே தெரியாது. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

நாக்குக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

"அக்கா, காய்ல உப்பு போதல."

"போதும். சாப்பிடு."

அடுத்த வாரம்: "அக்கா, இது காயா, தண்ணில ஊற வெச்ச துணியா?"

"நாக்கு செத்துப் போச்சு உனக்கு. எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு."

"எப்பவும் போல இல்லக்கா."

"இருக்குடா!"

உப்பு டப்பாவை அவன் தேடினால், அது மேல் அலமாரியில் மாவு டின்னுக்குப் பின்னால் இருக்கும். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அவன் தட்டைத் தள்ளுகிறவன் இல்லை. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, பழைய ஞாபகங்களைத் துழாவினாள். முதல்முறை வந்தபோதும் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்டான் அல்லவா? ஆமாம், போட்டான். எரிச்சல். நாக்கு மாறுவது.

வெயில் காலம் வந்தது. கண்ணாடிக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே தம்பி வியர்த்துக் கொட்டினான். வீட்டுக்கு வந்ததும் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தான். தூக்கத்தில் எழுந்தெழுந்து கழிப்பறைக்குப் போனான். ஒவ்வொரு முறை தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போதும் அவள் விழித்துக்கொண்டு, தூங்கவில்லை, இவன் தூங்கவில்லை என்று கணக்குப் போட்டாள். காலையில் டீக் கோப்பை அவன் கையில் இலேசாக ஆடியது. அவன் இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் பார்த்ததை அவன் பார்த்தான்.

பிறகு கடைக்காரர் மருத்துவமனைக்கே போன் செய்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. தம்பி கை நடுங்குது. இன்னைக்குப் பெரிய கண்ணாடி ஒண்ணு போச்சு. கண்ணாடி போனா போவுது, நான் வேற வாங்கிப்பேன். அவன் கைய அறுத்துக்கிட்டான்னா நான் எங்கே போய் வாங்கறது? கொஞ்சம் கவனிங்க."

கவனிப்பதைத் தவிர வேறென்ன செய்துகொண்டிருந்தாள்! முன்பு ஒருமுறை, பறப்பதற்கான அறிகுறி தெரிந்தால் என்னைப் பார்க்க வரும்வரை ராத்திரி மாத்திரையோடு அரை மாத்திரை கூடக் கொடுங்கள் என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கொடுத்தாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் வந்து பார்த்தால் வார்டு என்றுதான் சொல்வார். தம்பியைச் சமாளிக்கும் பலம் அவளுக்கும் இப்போது இல்லை. அன்று மாலை தம்பி குளிக்கப் போனபோது, அவள் ஒரு பையை எடுத்து அவன் சட்டை, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் வைத்தாள். பைஜாமாவை எடுத்தாள். பூட்டிய வார்டில் கயிறு, நாடா எதையும் உள்ளே விட மாட்டார்கள். அவள் மடியில் போட்டுக்கொண்டு, இடுப்பு நாடாவை இழுத்து உருவினாள்.

நிமிர்ந்தபோது தம்பி ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றான்.

"நாடாவ உருவிட்டியேக்கா," என்றான். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு அது தாங்கக் கூடியதாக இருந்திருக்கும்.

"சும்மா எடுத்து வெச்சேன்டா. ஒருவேளை..."

"சத்தியம் பண்ணினே."

"நான் என்னடா பண்றது? உன்னைப் பாரு, கை ஆடுது, தூக்கமில்ல, எரிஞ்சு எரிஞ்சு விழறே..."

"எனக்கு மனசெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. உடம்புதான் என்னமோ பண்ணுது."

"அப்பவும் இதையேதான் சொன்னே."

பைத்தியம் இல்லை என்று சொல்வதும் பைத்தியத்தின் அடையாளம் என்றால், ஒரு மனிதன் எந்த வாயால்தான் பேசுவான்? சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனான்.

காலையில் வாந்தி எடுத்தான். எழுந்து நடந்தபோது கால்கள் ஒன்றையொன்று தட்டின. அவள் அவனை ஒரு டாக்சியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். பை மடியில் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே நடைபாதை இரண்டாகப் பிரிகிற இடம் ஒன்று உண்டு. இடப்பக்கம் போனால் மனநலப் பிரிவு, அதன் கோடியில் அந்தக் கதவு. வலப்பக்கம் அவளுடைய அறை. சக்கர நாற்காலியை இடப்பக்கம் திருப்பினாள். தம்பி இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினான். நாற்காலி நின்றது. செருப்பு மட்டும் தரையில் தேய்ந்து கீச்சென்றது.

அவள் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை வலப்பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம். பிறகு அங்கே போகலாம்.

தம்பியின் தலையில் அவள் அதுவரை ஒயர் ஒட்டியதில்லை. முடியை வகிர்ந்தபோது சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தழும்பு தெரிந்தது. ஒரு ஒயர் அவள் விரலிலிருந்து இரண்டு முறை நழுவியது.

"அசையாதே," என்றாள்.

"நீ முதல்ல அசையாம இரு," என்றான் அவன், தடித்த நாக்கால்.

திரையில் அலை வந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள். கோழி கிளறலும் இல்லை, வலிப்பின் அணிவகுப்பும் இல்லை. பெரிய பெரிய அலைகள், மெதுவாக, சேற்றில் கால் இழுத்து நடப்பது போல வந்தன. எங்கோ பார்த்திருக்கிறாள். மனம் பறக்கிறவர்களிடம் இல்லை. விஷம் குடித்து வந்தவர்களிடம், சிறுநீரகம் கெட்டு நினைவு மங்கி வந்தவர்களிடம். அவள் கால் ஆட்டம் நின்றது. போனை எடுத்து, "டாக்டர், உடனே வாங்க," என்றாள்.

குழப்ப டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். கை படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்ன மாத்திரை?"

சொன்னாள். அரை மாத்திரை கூடக் கொடுத்ததையும் சொன்னாள்.

"அரை மாத்திரை மட்டும் இந்த வேலைய பண்ணாது. அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். வேற மாத்திரை ஏதாவது? வலிக்கு? காய்ச்சலுக்கு?"

"இல்ல டாக்டர்."

"சாப்பாட்டுல? பழக்கத்துல? சமீபத்துல என்ன மாறுச்சு?"

"ஒண்ணுமே மாறல டாக்டர். ஒண்ணைக் கூட மாற விடல நான். எழுந்திருக்கறது, படுக்கறது, டீ, நடக்கற வழி, எல்லாம் அப்படியே வெச்சிருக்கேன். நீங்க அன்னைக்கு மாடிப்படில சொன்னதுலேர்ந்து..."

படுக்கையிலிருந்து, அத்தனை ஒயர்களுக்கு அடியிலிருந்து, தம்பி கண்ணை மூடியபடியே பேசினான். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "டாக்டர்... எங்கக்கா கிட்ட... கொஞ்சம் உப்பு... போடச் சொல்லுங்க."

"சும்மா இருடா," என்றாள் அவள். "இதையேதான் டாக்டர் பிடிச்சிட்டிருக்கான், மாசக்கணக்கா. எல்லாத்துலயும் உப்பில்ல, உப்பில்லன்னு..."

டாக்டர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "நிஜமாவே குறைச்சீங்களா?"

"எனக்குத்தான் டாக்டர். எனக்குப் பிரஷர். கொஞ்சம் கொஞ்சமாத்தான்... அது எனக்காகத்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திரமா?"

அவள் தலையாட்டினாள்.

"லித்தியம் உடம்புக்குள்ள உப்போட அண்ணன் தம்பி மாதிரி," என்றார் அவர், அதற்குள் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே. "உப்பு குறைஞ்சா கிட்னி லித்தியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், வெளிய விடாது. வேர்வை வேற. அதே மாத்திரைதான், ஆனா ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். இது மனசு இல்லக்கா. மருந்து விஷமாயிருக்கு. மனநல வார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்க, சீக்கிரம்."

வார்டு வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் பசை படிந்த கையாலேயே அதைத் துடைத்தாள், காதெல்லாம் பசையானது.

இரத்த முடிவு டாக்டர் சொன்னதையே சொன்னது. மாத்திரையை நிறுத்தி, நரம்பில் உப்பு நீர் ஏற்றினார்கள். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்தாள். அடுப்படியில் தான் திருடியதைக் குழாய் வைத்துத் திருப்பித் தருகிறார்கள் என்று தோன்றியது. அவன் பேச்சு தெளிந்தபோது முதலில் கேட்டது, "உனக்குப் பிரஷர்னு ஏன் சொல்லல?"

"நீ கவலைப்படுவேன்னு."

"கவலைப்பட்டா என்னக்கா? அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னா கவலைப்படாம பின்ன கை தட்டுவாங்களா?"

அவள் விசும்பினாள். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார்.

"அழாதே. பிரஷர் ஏறும்," என்றான்.

பிறகொரு நாள் குழப்ப டாக்டரின் அறைக்குப் பதிவுகளைக் கொண்டுபோனபோது அவள் நின்று, "நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, சின்னது மாறினா போதும்னு?" என்று கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் வழக்காடுகிற தொனி இருந்தது.

"சொன்னேன். அதனால எதையும் பிடிச்சு வெக்க முடியாதுன்னு சொன்னேன். நீங்க எல்லாத்தையும் பிடிச்சு வெக்கணும்னு எடுத்துக்கிட்டீங்க." அவர் பேனாவை மூடினார். "அவர் மூளைல என்ன மாறுதுன்னு பாத்தீங்க. அவர் தெருவுல, டீல, தூக்கத்துல. ஒரு ஆளை மட்டும் விட்டுட்டீங்க. அந்தக் காகிதத்தைப் பிடிச்சிருந்த விரலைப் பத்தி யோசிச்சீங்களா?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பசை.

தம்பியின் நடுக்கம் மெதுவாகத்தான் போனது. வேறு அளவில் மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. கடைக்காரர் அவனை உடைசல் கண்ணாடியில் பழகவிட்டார். ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, "நேரா போச்சுக்கா," என்றான். என்ன நேராகப் போனது என்று அவள் கேட்கவில்லை. பையில் கிடந்த பைஜாமாவை எடுத்து, நாடாவை ஊக்கில் கோத்து, இடுப்பு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். உருவுவதை விடக் கோப்பதற்கு நேரம் பிடித்தது.

அதன்பிறகு அடுப்படியில் ஒரு வழக்கம் வந்தது. காய் வெந்ததும் உப்புப் போடுவதற்கு முன் அவள் தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாள். மீதியில் அவன் உப்புப் போடுவான், அவன் கையாலேயே, எப்போதும் ஒரே கரண்டியால். உப்பு டப்பா கீழ்த்தட்டுக்கு வந்தது. பந்தாட்டமும் திரும்பி வந்தது. அவன் கத்தும்போது அவள் இன்னும் திரும்பிப் பார்த்தாள். அவள் அமைதியாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், "என்னடா, ஒரு மாதிரி இருக்கே?" என்று தோன்றினால் அதை அவனிடமே கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். சில சமயம் அவனும் கேட்டான், "நீ ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கே?" அவளும் சொன்னாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் மறுபடி போகவே இல்லை.

அவள் உயிர் போனது ஒரு சாதாரணப் பகலில். யாரோ ஒருவர் தலையில் கடைசி ஒயரை ஒட்டிவிட்டு, "அசையாதீங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள், சாய்ந்துவிட்டாள். படுத்திருந்தவர் அவள் சொன்னபடி நெடுநேரம் அசையாமல் கிடந்தாராம். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். பிரஷர். இல்லை, லீவே எடுக்காமல் உழைத்தது. இல்லை, அன்று லிப்ட் வேலை செய்யவில்லை, மாடியேறினாள். காலையில் மாத்திரை போட்டாளா? போட்டாள். சரியாகத் தூங்கினாளா? தெரியவில்லை. குழப்ப டாக்டர் மட்டும் வந்து எதுவும் சொல்லாமல் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். தம்பிக்குள் கேள்வி அதோடு ஓயவில்லை. எது அந்த மயிரிழை? லிப்டா, வெயிலா, முந்தின நாள் பேசிய ஏதோ ஒரு சொல்லா? அது பாட்டுக்கு வந்து வந்து போகிறது. பதில் இல்லை என்பது தெரிந்த கேள்விக்குக் கூட மனம் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறது.

தம்பி இப்போது தனியாகத்தான் சமைக்கிறான். காய் வெந்ததும் அவன் கை தானாக ஒரு கிண்ணத்தை எடுக்கிறது, உப்புப் போடுவதற்கு முன் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுகிறது. வைத்த பிறகுதான் உறைக்கிறது. முதலில் சில நாட்கள் அதை அப்படியே பாத்திரத்தில் திரும்பக் கொட்டினான். இப்போது கொட்டுவதில்லை. தன் பங்கில் அளவாக உப்புப் போட்டு, குறையாமல் சாப்பிடுகிறான். பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்து, உப்பில்லாமலே, ஒரு வாய் மட்டும் சாப்பிட்டுப் பார்க்கிறான்.

"எப்படிக்கா இதைச் சாப்பிட்டே," என்கிறான்.